பிரசவத்துக்குப் பின்னும் ஒரு குளுக்கோஸ் டெஸ்ட் இருக்கிறது

கர்ப்பத்தில் சர்க்கரை நோய் வந்திருக்கிறதா என்று பார்க்கும் குளுக்கோஸ் டெஸ்டில் முடிவு தப்பாக வந்தால் எல்லோரும் மெஷினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். மெஷின் அநேகமாக ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. தவறு அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. கரைத்த பவுடரின் அளவு, குடித்து முடிக்க ஆன நேரம், கடிகாரத்தை எப்போதிலிருந்து கணக்கிட்டார்கள், எடுத்த ரத்தம் குழாயில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று எல்லாமே எண்ணை மாற்றும். இவை சரியாக இருந்தால்தான் ரிப்போர்ட்டில் 140 என்ற வரம்பை ஒட்டி இருக்கும் 138-க்கும் 142-க்கும் அர்த்தம் உண்டு.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்படுவது ஒற்றை ரத்த மாதிரி முறை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை நோய். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்த முறை இது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று தமிழ்நாடு 2007-லேயே முடிவெடுத்துவிட்டது. மத்திய அரசின் வழிகாட்டி நெறிமுறை 2014-ல் வந்தது. இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் வரும் பெண்ணிடம் 'நாளைக்கு வெறும் வயிற்றில் வாங்க' என்று சொன்னால் அவர் நாளைக்கு வர மாட்டார். வந்த அன்றே முடித்து அனுப்பலாம் என்பதுதான் இந்த முறையின் பலம்.

இனி அந்த 75 கிராம். இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பரிசோதனைக்குச் சொல்லப்படும் 75 கிராம் என்பது நீர் சேராத குளுக்கோஸின் எடை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் மோனோஹைட்ரேட், அதாவது நீர் மூலக்கூறு சேர்ந்த குளுக்கோஸ். அது என்றால் 82.5 கிராம் எடுக்க வேண்டும். பாக்கெட்டின் பின்புறம் எது என்று எழுதியிருக்கும். அரசு நிலையங்களிலும் நல்ல லேப்களிலும் பரிசோதனைக்கென்றே அளந்து அடைத்த பாக்கெட் வைத்திருப்பார்கள், அதை வாங்குவதே நல்லது. ஸ்பூன் கணக்கில் போடுவது கூடவே கூடாது. தட்டி நிரப்பிய ஸ்பூனுக்கும் குவித்த ஸ்பூனுக்கும் பெரிய வித்தியாசம். ஆரஞ்சு மணம் சேர்த்த எனர்ஜி பவுடர்கள் சிலவற்றில் சாதாரணச் சர்க்கரை கலந்திருக்கும். அதை வைத்து இந்த டெஸ்ட் செய்ய முடியாது.

தண்ணீர் 300 மி.லி. போதும். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீராக இருந்தால் குமட்டல் குறைகிறது. சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக்கொள்ளலாமா என்று லேபில் கேளுங்கள், பல இடங்களில் அனுமதிப்பார்கள். ஒரே மூச்சில் குடிக்க வேண்டியதில்லை, ஆனால் 5 நிமிடத்தில், அதிகம் போனால் 10 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். அரை மணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் சர்க்கரை ஏறும் விதமே மாறிவிடும். நேரம் தொடங்குவது முதல் வாய் குடிக்கும்போது, டம்ளர் காலியாகும்போது இல்லை. அந்த நேரத்தை ஓ.பி. சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த நாளில் 2 மணி நேரம் என்பது இரண்டரை மணி நேரமாக நீளும். அதற்குள் சர்க்கரை இறங்கி, நோய் இருப்பவருக்கும் 'நார்மல்' என்று வந்துவிடும்.

வாந்தி வந்தால்? குடித்து 30 நிமிடத்துக்குள் வந்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் செய்ய வேண்டும். 30 நிமிடம் தாண்டி வந்தால் தொடரலாம் என்பது அரசு நெறிமுறை. எப்படி இருந்தாலும் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். பாத்ரூமில் வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி குடிக்கச் சொல்வார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் நிறையப் பேர். அந்த ரிப்போர்ட்டால் எந்தப் பயனும் இல்லை. குளுக்கோஸ் தண்ணீரே தங்காத அளவுக்கு மசக்கை இருந்தால், வீட்டில் ஒரு வாரம் குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்து எழுதி வரச் சொல்லும் மாற்று வழியும் இருக்கிறது.

காத்திருக்கும் 2 மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்க மாடி ஏறுவது, கடைத்தெருவுக்குப் போய் வருவது எல்லாம் தசைகளைச் சர்க்கரையை எடுத்துக்கொள்ள வைக்கும். தாகத்துக்குக் கொஞ்சம் வெறும் தண்ணீர் குடிக்கலாம். 'பாவம், பிள்ளைத்தாச்சி பசியோட உட்கார்ந்திருக்கா' என்று கூட வந்த அம்மாவோ மாமியாரோ ஒரு வாய் காபியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிடுவது அன்பில்தான். அந்த இரண்டு பிஸ்கட்டுக்காக இன்சுலின் வரை போக நேரலாம். வரும்போதே கூட வருபவருக்கும் சொல்லிக் கூட்டி வருவது நல்லது. டெஸ்ட் முடிந்த கையோடு சாப்பிட ஏதாவது பையில் இருக்கட்டும், சிலருக்கு மூன்றாவது மணி நேரத்தில் சர்க்கரை திடுமென இறங்கித் தலை சுற்றும்.

ரத்தம் எடுத்த பிறகு நடப்பது கர்ப்பிணியின் கையில் இல்லை, ஆனால் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயில் காலத்தில் இன்னும் கூட. உடம்பில் 146 இருந்த ரத்தம், கலெக்‌ஷன் சென்டரிலிருந்து பைக்கில் மெயின் லேபுக்குப் போய்ச் சேர 2 மணி நேரம் ஆனால் 130-ஐ ஒட்டி வந்து நிற்கும். நோய் இருந்தும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுவது இப்படித்தான். சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாயில் எடுக்க வேண்டும் என்பது இதற்காகவே. அந்த ஃபுளோரைடும் முழுதாக வேலை செய்யத் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால், எடுத்த இடத்திலேயே சீக்கிரம் பிரித்துவிடும் லேப் மேலானது. டெஸ்டுக்கு மட்டுமாவது கலெக்‌ஷன் சென்டரைத் தவிர்த்து, மெஷின் இருக்கும் இடத்துக்கே போங்கள்.

தனியார் மருத்துவமனைகளில் பலவற்றில் மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். 8 மணி நேரமாவது வெறும் வயிறு, பிறகு அதே 75 கிராம், ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. இதில் வரம்புகள் வேறு: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. ஏதாவது ஒன்று எட்டினாலே கர்ப்பகால சர்க்கரை. 2008-ல் வெளியான ஹாப்போ என்ற பன்னாட்டு ஆய்விலிருந்து வந்த எண்கள் இவை. 'ஒரு டாக்டர் இருக்குங்கறார், இன்னொருத்தர் இல்லைங்கறார்' என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. வெறும் வயிற்றில் 96, 2 மணி நேரத்தில் 128 வந்த பெண்ணுக்கு மூன்று மாதிரி முறைப்படி நோய் உண்டு, ஒற்றை மாதிரி முறையில் பிடிபடவே மாட்டார். 88, 160, 147 வந்தவருக்கு நேர்மாறு. ஒற்றை மாதிரி முறை சிலரைத் தவறவிடுகிறது என்ற வாதம் மருத்துவர்களிடையே உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. பருமனானவர், அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை உள்ளவர், முந்தைய குழந்தை பெரிய எடையில் பிறந்தவர், பி.சி.ஓ.டி. எனும் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர் ஆகியோர் முடிந்தால் வெறும் வயிற்று மாதிரியையும் சேர்த்துக் கேட்பது நல்லது என்பதே எங்கள் கருத்து. எந்த முறையில் எடுத்தாலும், அந்த முறைக்குரிய வரம்போடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்று மாதிரி டெஸ்டுக்கு முந்தைய நாட்களில் ஒரு தவறு வழக்கமாகவே நடக்கிறது. சர்க்கரை வந்துவிடுமோ என்று மூன்று நாள் சோற்றையும் இட்லியையும் நிறுத்திவிட்டு வருவார்கள். மாவுச்சத்தைத் திடீரென வெட்டினால், அடுத்து வரும் 75 கிராமை உடம்பு சமாளிக்கத் திணறி, இல்லாத நோயை இருப்பதுபோலக் காட்டும். டெஸ்டுக்கு முன் மூன்று நாள் வழக்கமான சாப்பாடு சாப்பிட வேண்டும்.

முதல் செக்கப்பில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று என்று இரண்டு முறை செய்ய வேண்டும். 'மூணாம் மாசமே பார்த்தாச்சு, நார்மல்' என்று இரண்டாவதை விடுவது பெரிய இழப்பு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மழுங்கடிப்பது ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் வேகம் எடுக்கிறது. அதுவரை தாக்குப்பிடித்த கணையம் அப்போதுதான் பின்தங்கும். முதல் டெஸ்டிலேயே வெறும் வயிற்றில் 126 அல்லது 2 மணி நேரத்தில் 200-ஐ எட்டினால் அது கர்ப்பத்தால் வந்ததில்லை, முன்பே இருந்த சர்க்கரை நோய் என்றுதான் கொள்ள வேண்டும். அதற்கான கவனிப்பு வேறு.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு. பி.சி.ஓ.டி.க்காக, சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் முடிவு குறைத்துக் காட்டும். குறைப்பிரசவ பயத்தில் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறியே இருக்கும், அந்த வாரத்தில் டெஸ்ட் செய்வது சரியில்லை.

குளுக்கோஸ் குடிக்க முடியவில்லை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் அதிகம். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அது குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் கூட்டிக் காட்டும். நம் ஊர்க் கர்ப்பிணிகளில் ரத்தசோகை எவ்வளவு சகஜம் என்பது தெரிந்ததுதான். முன்பே இருந்த நோயைக் கண்டுபிடிக்க ஆரம்பத்தில் உதவும், கர்ப்பகால சர்க்கரையைக் கண்டறிய உதவாது.

கண்டுபிடித்த பிறகு

முதல் இரண்டு வாரம் சாப்பாட்டு மாற்றம், பிறகு ரத்தப் பரிசோதனை. சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே, காலையில் வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே என்பது இலக்கு. பலருக்கு இந்த மாற்றமே போதும், மற்றவர்களுக்கு மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. அம்மாவின் சர்க்கரைதான் தாண்டிப் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அதிக இன்சுலின் சுரக்கிறது, குழந்தை கொழுத்து வளர்கிறது, பிரசவத்தில் தோள் சிக்குகிறது.

சாப்பாட்டில் தடுமாற வைப்பது சோறு அல்ல, 'சத்தானது' என்று பெயர் எடுத்தவை. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி குடித்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அதே மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டுத் தட்டிய அடைக்கு எண் வேறாக இருக்கும். சத்துமாவுக் கஞ்சி, பாலில் கலக்கும் மால்ட் பானங்கள், ஜூஸ் ஆகியவையும் அப்படித்தான். காலை உணவுக்குப் பிறகுதான் சர்க்கரை அதிகம் ஏறும் என்பதால், நான்கு இட்லியை இரண்டாக்கி, கூடவே அவித்த முட்டையோ சுண்டலோ வைத்து, மீதியைப் பதினொரு மணிக்குத் தள்ளலாம். சாப்பிட்டு முடித்துப் பத்து, பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் பலன் தெரியும். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியிருந்தால் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பயனில்லை. அது இரவில் கல்லீரல் விடும் சர்க்கரை, பட்டினி கிடந்தால் கொழுப்பு கரைந்து உருவாகும் கீட்டோன்தான் கூடும்.

வீட்டு மீட்டரில் திடீரென 210 காட்டினால் பதறுவதற்கு முன் கையைப் பாருங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் மிச்சமிருக்கும் ஈரமே போதும், எண் எகிறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, அழுத்திப் பிழியாமல் தானாக வரும் துளியை வையுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் காற்றின் ஈரத்தில் ஸ்ட்ரிப்புகள் கெட்டுவிடும். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தால் மீட்டர் உண்மையைவிட அதிகம் காட்டக்கூடும், அப்போது ஒரு முறை லேபிலும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தை பிறந்து தொப்புள் கொடி வெட்டியதும் அம்மாவிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் முதல் சில மணி நேரங்களில் குழந்தைக்குச் சர்க்கரை குறையக்கூடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், பிறகு குதிகாலில் குத்திச் சில முறை பரிசோதனை. சேனை வைப்பது, சீனித் தண்ணீர் தொட்டு வைப்பது எதுவும் வேண்டாம்.

நழுவிப் போகும் டெஸ்ட்

பிரசவம் முடிந்த மறுநாளே பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும், இன்சுலின் நிறுத்தப்படும். 'சரியாப் போச்சு' என்ற அந்த நிம்மதியில்தான் மிக முக்கியமான டெஸ்ட் காணாமல் போகிறது. பிரசவமாகி 6 வாரத்தில் அதே 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்டை மறுபடி செய்ய வேண்டும். கர்ப்பகால டெஸ்டில் குழந்தையின் நலனும் பிரசவமும் அடங்கியிருக்கின்றன. இந்தச் சோதனை முழுக்க முழுக்க அந்தப் பெண்ணுக்கானது, அவருடைய அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கானது. கர்ப்பகால சர்க்கரை வந்தவருக்குப் பின்னாளில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவரைவிட 7 முதல் 10 மடங்கு அதிகம்.

தவறிப்போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. செக்கப் புகுந்த வீட்டு ஊரில், பிரசவம் தாய்வீட்டு ஊரில், 6 வாரம் ஆகும்போது இன்னும் பத்தியத்தில். ஃபைல் ஒரு ஊரில், ஆள் ஒரு ஊரில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறும் வயிற்றில் 2 மணி நேரம் உட்கார யாருக்கும் தெம்பு இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டிலும் பல நேரம் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட எப்படியும் போகத்தான் போகிறீர்கள். அதே நாளில் அம்மாவுக்கும் டெஸ்ட் என்று முடிவு செய்துவிடுங்கள், கிராமமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காலையில் சீக்கிரம் வெறும் வயிற்றில் ஒரு மாதிரி கொடுத்து, குளுக்கோஸ் குடித்துவிட்டு, அந்த இடைவெளியில் தடுப்பூசி வேலையை முடிக்கலாம். குழந்தையைத் தூக்கி அலைய இன்னொருவர் கூட வரட்டும். குழந்தை அழுதால் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

லேபில் 'பிரசவம் ஆகிவிட்டது' என்று சொல்லுங்கள், இப்போது வரம்புகள் வேறு. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழும் 2 மணி நேரத்தில் 140-க்குக் கீழும் இருந்தால் நார்மல். 100 முதல் 125, அல்லது 140 முதல் 199 என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126 அல்லது 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்துவார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நம் பெண்களில் பலருக்கு அது நார்மலாக இருந்து, 2 மணி நேர எண்தான் உண்மையைச் சொல்கிறது. இந்த நேரத்தில் ஹெச்பிஏ1சியையும் நம்ப முடியாது, பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும்.

பத்தியச் சாப்பாட்டில் பூண்டும் கருவாடும் பால் சுறாப் புட்டும் தாராளமாக இருக்கட்டும், மீன் வகைகளில் புரதம் நிறைய. கவனிக்க வேண்டியது கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த லேகியத்தை வேளைக்கொரு உருண்டை விழுங்குவதும், காயே இல்லாமல் சோறும் பொடியுமாக நாற்பது நாள் படுத்திருப்பதும். தாய்ப்பால் கொடுப்பது பின்னாள் ஆபத்தைக் குறைக்கிறது, எவ்வளவு மாதம் நீள்கிறதோ அவ்வளவு நல்லது.

டெஸ்ட் நார்மல் என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். குழந்தையின் பிறந்த நாள் மாதத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்குத் தடுக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில், முன்பு கர்ப்பகால சர்க்கரை வந்திருந்த பெண்களிடம் எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடந்தால் நோய் வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, மெட்ஃபார்மினும் கிட்டத்தட்ட அதே அளவு குறைத்தது. 2006-ல் வெளியான, சென்னையில் நடந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வில், நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழுவில் வாழ்க்கை முறை மாற்றம் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தது. 70 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது 5 கிலோதான்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, மாதவிடாய் தள்ளிப்போவதற்கு முன்பே டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில், பல பெண்கள் முதல் செக்கப்புக்கு வருவதற்குள் அது முடிந்துவிடுகிறது. கர்ப்பகால சர்க்கரை திரும்ப வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி என்பதால் முதல் செக்கப்பிலேயே, 24-வது வாரம் வரை காத்திருக்காமல், குளுக்கோஸ் டெஸ்ட் கேளுங்கள். போகும்போது முந்தைய கர்ப்பத்தின் டெஸ்ட் ரிப்போர்ட், எந்த வாரத்தில் செய்தது, இன்சுலின் எத்தனை யூனிட், குழந்தையின் பிறப்பு எடை, 6 வார டெஸ்டின் எண்கள் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் போங்கள். ஃபைல் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லாதபடி, அவற்றை இன்றைக்கே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளலாம்.